காயாத வண்ணத்தில் பூசிய நீறு

என் பூசையறைக்கு எதிர்ச்சுவரில் தொங்கும் ஓவியத்தின் நெற்றியில் மூன்று திருநீற்றுக் கீற்றுகள் உள்ளன. நடுக்கீற்று கோணல். அவை தூரிகை தீட்டியவை அல்ல. என் விரல்கள் செய்த பிழை.

இராமநாதபுரத்துப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியனாக இருந்தபோது, உடன் பணியாற்றிய ஓவிய ஆசிரியை வரைந்த படம் அது. அவர் சிக்கல் என்னும் ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மறுநாள் சென்னைக் கண்காட்சியின் தேர்வுக்கு அனுப்பவேண்டியதை ஆசிரியர் அறையில் சாய்த்து வைத்திருந்தார். இளஞ்சிவப்பு உடல், முறம்போன்ற காதுகள், முகமெங்கும் ஒன்பது கண்கள், மீன்வால், கால்களில் ஜோடி சேராத ரப்பர் செருப்புகள். உயர்த்திய துதிக்கையில் நீலப் பிளாஸ்டிக் குடம்.

"என்ன டீச்சர், யானைக்குச் செருப்ப மாட்டி எங்கன கெளப்பி விடுறீக?" என்று உடற்கல்வி ஆசிரியர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிகத்திலும் பாசுரத்திலும் ஊறிய மனம் பொருள்சொல்லத் தொடங்கிவிட்டது. உயர்ந்த துதிக்கை மடுவில் முதலை பற்றிய வேழத்தின் அபயக்குரல்; ஒன்பது கண்கள் உடலின் ஒன்பது வாயில்கள்; மீன்வால் பிறவிக்கடல். சொல்லச்சொல்ல எனக்கே மெய்சிலிர்த்தது. மடியிலிருந்த திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்து அதன் நெற்றியில் நீறு பூசிவிட்டேன். வண்ணம் காயவில்லை. விரல்கள் இளஞ்சிவப்பாயின, நீறு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

பல மாத உழைப்பு அது.

"அய்யா, அது எங்க அம்மா" என்றார் ஆசிரியை மெல்ல. "தண்ணி லாரிக்கு நிக்கிறாக. ஆரன் சத்தம் தூரத்துலயே கேக்கணும்ல, அதான் அம்புட்டுப் பெரிய காது. வரிசையில யாரும் குடத்த நகட்டிறக் கூடாது, அதுக்குத்தான் ஒம்பது கண்ணு. லாரி வந்துட்டா கெடச்ச செருப்ப மாட்டிக்கிட்டு ஓடுவாக."

"வால்?" என்றேன்.

"அது அவுக ஆசைய்யா, தண்ணியிலயே கெடக்கணும்னு."

துடைத்துவிடட்டுமா என்று துண்டை எடுத்தேன். அவர் தடுத்தார். "இருக்கட்டும்யா. அம்மா நீறு பூசாம வாசப்படி தாண்ட மாட்டாக. எனக்குத்தான் மறந்துபோச்சு."

படம் தேர்வாகவில்லை. என் நீறுதான் காரணமா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை; அவரும் சொல்லவில்லை. மாறுதலாகிப் போகும்போது அதை என்னிடமே கொடுத்துச் சென்றார்.

இன்று காலை பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாடலின் நடுவே தெருக்கோடியில் லாரியின் ஆரன் கேட்டது. இறைவனைப் பாதி அடியில் காக்கவைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினேன். வரிசையில் நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு. மற்றொன்றில் என் மனைவியின் செருப்பு.