எல்லாருக்கும் ஒரே ‘காரர்’

அந்த விடுதியில் அவளை லாண்டிரிக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அடித்தளத்தில், இஸ்திரி ஆவியில் வெந்துகொண்டு படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. மேலே ரிசப்ஷனில் ஒரு இடம் காலி என்று கேள்விப்பட்டதும், துணிந்து போய்க் கேட்டுவிட்டாள்.

“வர்றவங்க எந்த நாட்டு ஆளுன்னு இங்கிலீஷ்ல சரியா சொல்லணும்மா. திங்கக்கிழமை பார்க்கலாம்” என்றார் மேனேஜர்.

அங்கேதான் வந்தது வினை. நமக்கென்ன, எந்த ஊரானாலும் பின்னால் ஒரு ‘காரர்’ ஒட்டினால் தீர்ந்தது. இந்த இங்கிலீஷ் இருக்கிறதே, நாட்டுக்கு ஒரு வால் வைத்திருக்கிறது. இத்தாலிக்கு இத்தாலியன், சரி. ஜப்பானுக்கு ஜப்பானியன் என்றால் இல்லையாம், ஜாப்பனீஸாம். ஹாலந்துக்காரர் டச்சாம்! எங்கேயிருந்து பிடித்தார்களோ?

தையல் மெஷினை மிதித்தபடியே கணவர் கேள்வி கேட்டார்.

“தாய்லாந்து?”

“தாய்லாந்தியன்.”

“தப்பு. வெறும் தாய்.”

“ஆம்பளைன்னா?”

“ஆம்பளையும் தாய்தான்.”

“மீசை வச்சவரைப் போய்த் தாய்னு சொல்றதா? என்னால முடியாதுப்பா!”

திங்கட்கிழமை மேனேஜர் பக்கத்தில் நிற்க, முதலில் வந்த இத்தாலியத் தம்பதியை ஒழுங்காகச் சொல்லிவிட்டாள். அடுத்து வந்தவர் வாடிய முகத்தோடு தாய்லாந்து பாஸ்போர்ட்டை நீட்டினார். நிமிர்ந்து பார்த்தால், முறுக்கு மீசை! வார்த்தை தெரியும், வாய் வரவேண்டுமே.

“ஹி இஸ்... தாய்லாந்துக்காரர், சார்.”

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, திரும்பவும் அடித்தளம்தான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்தவரோ தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “தாய்” என்றார் பொறுமையாக.

அவ்வளவுதான், அழுகை போய்ச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. “சாரி சார், இன் மை லாங்வேஜ், தாய் மீன்ஸ் மதர்!” என்றாள். மனிதர் தன் மீசையைத் தடவிப் பார்த்து, “மதர்?” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேனேஜரும் சேர்ந்துகொண்டார்.

“முகம் வாடி வந்தவரை நிமிஷத்துல சிரிக்க வச்சிட்டீங்க. வார்த்தையை மெதுவா கத்துக்கலாம். நாளையிலேருந்து மேலேயே நில்லுங்கம்மா.”

வீட்டுக்கு வந்ததும் கணவர் மெஷினை நிறுத்தினார். “என்னாச்சு?”

“இனிமே நான் ரிசப்ஷன்காரி!”

“காரின்னா சொல்றது?” என்று எழுந்து வந்தார் அவர். “ரிசப்ஷன்காரம்மா!”