எந்த மிஷின் முதலில்

கோவளத்தில் மின்சாரம் போய் வந்தால் படகுக்காரர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். எந்த ஐஸ் கடையில் மிஷின் முதலில் உறுமுகிறதோ, அங்கேதான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மிஷின் நின்றிருக்கும் கடையில் ஐஸ் இளகியிருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

குளிர்பதன இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அங்கே ஒரு கடைக்குப் புது கம்ப்ரஸர் வைத்துக் கொடுத்தேன். மின்சாரம் வந்ததும் அதை ஓடவிடாமல் சில நிமிடங்கள் நிறுத்திவைக்க ஒரு டைமரும் பொருத்தினேன். முதலாளிக்கும், மிஷினைப் பார்த்துக்கொண்ட அவர் மனைவியின் தம்பிக்கும் காரணத்தை வரிசையாகச் சொன்னேன். நின்றதும் உள்ளே ஒரு பக்கம் வாயுவின் அழுத்தம் ஏறியிருக்கும். அது சமமாக வேண்டும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் திணறி, மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுக்கும். அடுத்தடுத்துக் கிளப்பினால் மோட்டாரின் கம்பிச் சுருள் ஆறவே ஆறாது, கருகிவிடும். இருவரும் தலையாட்டினார்கள்.

எதிர்க் கடையில் இருந்தது பெல்ட் போட்ட பழைய மிஷின். அங்கே ஒரு வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு உடனே ஓட்டிவிடுவார்கள். அது முதலில் உறுமும் ஒவ்வொரு தடவையும் படகுக்காரர்கள் முன்னால் முதலாளி மச்சானைப் பிடித்துக்கொள்வார்.

“இன்னா மச்சான், நீயும் தூங்குற, மிஷினும் தூங்குது. ரெண்டு பேருக்கும் நான் நாஸ்தா போடணுமா?”

எல்லோரும் சிரிப்பார்கள். மச்சானும் சேர்ந்து சிரிப்பார். தன் மனைவி, பிள்ளைகளோடு அவர் அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்.

மழை தொடங்கிய வாரத்தில் கடையிலிருந்து அழைப்பு வந்தது. காலையிலிருந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. நான் போனபோது கருகிய வாடை தெருவரை அடித்தது. பேனலைத் திறந்தேன். டைமரை ஒதுக்கிவிட்டு ஒரு துண்டு ஒயரால் நேர் இணைப்புக் கொடுத்திருந்தார்கள்.

மச்சான் என் பின்னால் வந்து நின்றார். “மேடம், வோல்டேஜால போச்சுன்னு சொல்லிடுங்க. இல்லன்னா வூட்ட காலி பண்ண வச்சிடுவாரு.”

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். “இன்னாம்மா ஆச்சு?”

“டைமர விட்டுட்டு ஒயர் போட்டிருக்காங்க. அதனாலதான் எரிஞ்சிருக்கு.”

“எவன் போட்டது?”

“நீங்கதான மச்சான், எதிர்க் கடைக்கு முந்தி நம்ம மிஷின் ஓடணும்னு சொன்னீங்க?” என்று அக்கா கணவரைக் கேட்டார் மச்சான்.

“ஓட்டுன்னு சொன்னேன். கொளுத்துன்னா சொன்னேன்?”

படகுக்காரர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை மச்சான் சிரிக்கவில்லை.

“கடச் சாவிய வை. மாடி வூட்டு சாவியும் வை.”

அவர் இரண்டையும் ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

வேறு கம்ப்ரஸர் வந்தது. டைமரை மறுபடி இணைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய் வந்தது. எதிர்க் கடை மிஷின் உறுமியது. படகுக்காரர்கள் பெட்டிகளோடு சாலையைக் கடந்தார்கள். அங்கே வால்வைத் திறந்துவிட்ட ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். நம் மச்சான்தான்.

“இன்னா மச்சான்,” என்று முதலாளியைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார், “தூங்கிகினு கீறியா?”

சாலை முழுக்கச் சிரிப்பு. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“அந்த டைமர கழட்டிடும்மா.”

நான் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். எங்கள் மிஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.