ராகு காலத்தைத் தூக்கிய பிளக்கின்

கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுக்குப் பத்தியம் வைப்பதுதான் என் பிழைப்பு. ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் மொத்த புரோகிராமையும் படித்துவிட்டு, 'இன்றைய அளவு முடிந்தது' என்று நடுவழியில் நிற்குமே, அந்தக் கொடுமையை நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் போடும் பிளக்கின் என்ற குட்டி இணைப்பு உங்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, தேவையான துண்டை மட்டும் அதற்கு ஊட்டும். சேலம், நாமக்கல் பக்கம் யார் கூப்பிட்டாலும் பைக்கை எடுத்துவிடுவேன்.

கேபிளைப் பிடுங்கிய கதை

சேலத்தில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்பவர் யூசுஃப் பாய். பிளக்கின் போட்டால் கடைக்காரர்கள் விவரம் வெளியே போய்விடுமோ என்று அவருக்கு ஒரே பயம். எத்தனை சொல்லியும் நம்பவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டினேன். பிளக்கின் அது பாட்டுக்கு புரோகிராமைப் படித்து அடுக்கி வைத்தது. கேபிளை மறுபடி மாட்டி, நெட் வழியாக வெளியே இருக்கும் ஏஜென்ட்டிடம் வேலை சொன்னோம். வழக்கமாக நாற்பது ஃபைலை மேயும் அது, மூன்றோடு நின்றது. பாய் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அப்ப மூணு ஃபைலாச்சும் வெளிய போவுதுல்ல? பரவால்ல தம்பி, முன்னாடி நாப்பது போச்சு."

பதினொரு மணி கண்டம்

திருச்செங்கோட்டில் செல்வி ஒற்றை ஆளாக சாஃப்ட்வேர் தொழில் செய்கிறார். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளிதான் அவருடைய பெரிய கஸ்டமர். எந்த வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்ல வேண்டிய புரோகிராம், ஒரே வண்டியை ஒரே நாளில் இரண்டு ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். ஏஜென்ட்டோ தினமும் பதினொரு மணிக்கே கையை விரித்தது.

வியாழன் காலை போய் பிளக்கினைப் போட்டேன். இன்னும் மிச்சமாகட்டுமே என்று, புரோகிராமுக்கு நடுவே நாம் குறிப்பாக எழுதி வைக்கும் கமெண்ட்டுகளை மறைக்கும் வசதியையும் டிக் செய்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. மத்தியானம் மூன்று மணிக்குத் தப்பு சரியாகிவிட்டது. செல்விக்கு நம்பவே முடியவில்லை.

"மூணு மணியாச்சு, இன்னும் வேல செய்யுதுங்க. இது என்ற மெசின்தானுங்களா?"

வெள்ளிக்கிழமை

மறுநாள் காலை ஒன்பதரைக்கு செல்வியின் போன். முதலாளியின் புது வண்டி கிளம்ப புரோகிராம் கொடுத்திருந்த நேரம் பதினொரு மணி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். எந்த டிரைவர் ஸ்டீயரிங்கைத் தொடுவார்?

செல்வி ராகு காலத்தை ஒதுக்க புரோகிராமில் தனியாகச் சில வரிகள் வைத்து, 'ராகு காலம், இதைத் தொடாதே' என்று கமெண்ட்டும் எழுதியிருந்தார். கமெண்ட்டை என் பிளக்கின் மறைத்துவிட, காரணமில்லாத தடை என்று நினைத்து ஏஜென்ட் அந்த வரிகளைத் தூக்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. விழுந்தடித்து ஓடினேன். டிக்கை எடுத்து, பழைய வரிகளைத் திரும்பப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வண்டிக்குப் பன்னிரண்டேகால் என்று நேரம் வந்தது.

செல்வி எதையும் மறைக்கவில்லை. முதலாளிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கம்ப்யூட்டர் செய்த காரியத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். கஸ்டமர் போச்சு என்றே நான் நினைத்தேன். ஆனால் முதலாளி சொன்னார்:

"வேலைக்குப் புதுசா வந்த ஆளு அப்படித்தான் பண்ணும். நம்மூரு வழக்கத்தச் சொல்லிக் குடுத்து, நீயே பாத்துக்க சாமி."

அன்றிலிருந்து யார் கமெண்ட்டிலும் நான் கை வைப்பதில்லை, வெள்ளிக்கிழமை பிளக்கின் போடக் கூப்பிட்டால் பத்தரைக்கு முன்னாலேயே போய் இறங்கிவிடுகிறேன்.