ஒரு நிரைக்கு ஒருவர்

கொழுந்து எடை போடுவது என் வேலை. எங்கள் எஸ்டேட்டின் எடைக் கணக்கு எங்கோ கிளவுடில் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அது ஆமையாக நகர ஆரம்பித்ததும், சரிசெய்ய கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். தலையில் குரங்குக் குல்லா. அட்டைப்பூச்சிக்குப் பயந்து பேண்டை சாக்ஸுக்குள் திணித்திருந்தார். சிரிப்பே கிடையாது. தேயிலைக்கு நடுவே சிக்னல் கிடைக்கும் பாறையில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டார். கோடிங்கில் ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தட்டுவார்.

"ஒரு கோருக்கு ஒரே த்ரெட்!"

"அப்படின்னா என்னங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு நெரைக்கு ரெண்டு ஆளு நிக்குதுங்க. இனி ஒருத்தர் போதும்."

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புராசசரைத்தான் சொன்னார்: கோர்தான் நிரை, த்ரெட்தான் ஆள். சூப்பர்வைசர் அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டு, ஜோடியாகக் கொழுந்து பறித்த பெண்களை நிரைக்கு ஒருவராகப் பிரித்துவிட்டார். மலையே ஊமையாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா கூடையோடு பாறைக்கு வந்தார்.

"ஏனுங்க, எங்களப் பழையபடி மாத்தி உடுங்க. பேச ஆளில்லாம கையே ஓட மாட்டேங்குது."

அவர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"மாத்தலாமுங்க. ஆனா ரீஸ்டார்ட் ஆகோணும். அல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டு மறுபடி வாங்க."

சூப்பர்வைசர் விசில் அடித்தார். எல்லோரும் லைன் வீட்டுக்குப் போய், டீ குடித்து, ஜோடி ஜோடியாகத் திரும்பினார்கள். அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார்.

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கணக்கு இப்போது வேகமாக ஓடுகிறது. பெண்களுக்குத்தான் அதில் வருத்தம். தினமும் எடைத்தட்டில் கூடையை வைத்தபடி கேட்கிறார்கள்:

"இன்னைக்கு ரீஸ்டார்ட் இல்லீங்களா?"