மரியரஞ்சனி கேட்ட குதிரை

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில், எங்கள் அடுக்குமாடி புளொக்கில் இருக்கும் மரியரஞ்சனி வாய் திறந்தால் வின்சென்ற் அண்ணைக்கே வியர்க்கும். ஒஸ்லோக் கத்தோலிக்கத் தமிழருக்கு அண்ணைதான் எல்லாம். யாத்திரைக்கு பஸ் பிடிப்பதும் அவர், பங்குச் சுவாமியோடு கதைப்பதும் அவர்.

2005இல் எங்களை இத்தாலிக்குக் கூட்டிப் போனார். அதற்கு முந்தின மாரியில்தான் மரியரஞ்சனியின் கணவர் பேனாட் மோசம் போயிருந்தார்; புதைத்த இடத்தில் இன்னும் கல் நடவில்லை. குதிரைகள் கட்டாக்காலியாகத் திரியும் நெடுந்தீவில் பிறந்தவர். ஒஸ்லோவில் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினார். முதலாளி குரலை உயர்த்தினால் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு வேலையில் நிலைக்கத் தெரியாத மனிதன் என்று ஊர் நக்கலடித்தது.

இத்தாலியில் ஒரு பழைய கோவிலுக்குள், பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில், தளபதி ஒருவரின் கல்லறை இருந்தது. கல்பெட்டிக்கு மேல் குதிரை, அதற்கு மேல் இரும்புச் சட்டையும் வாளுமாக அவர். செத்து அறுநூறு வருடமாகியும் இறங்க மனமில்லை போலும்.

“காசு குடுக்கிற பக்கத்துக்குச் சண்டை பிடிச்ச ஆள்,” என்று அண்ணை விளங்கப்படுத்தினார்.

மரியரஞ்சனி அண்ணாந்து பார்த்தாள். “அப்ப பேனாட்டின்ரை கல்லிலையும் ஒரு குதிரை வெட்டலாம்.”

ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் அண்ணை குதிக்கத் தொடங்கினார். “கல்லறையிலை மிருகமோ? சுவாமி அந்தக் கல்லை மந்திரிச்சு ஆசீர்வதிக்க மாட்டார், தங்கச்சி.”

“கூலிக்குக் கொலை செய்தவன் கோவிலுக்குள்ளை குதிரையோடை இருக்கலாம். ஒரு கோழியைக்கூட அடிக்காத என்ரை மனிசனுக்கு வெளியிலை, மழைக்குள்ளை, ஒரு குதிரை கூடாதோ?”

கேட்டதோடு நிற்கவில்லை. கல்லறைக் கல் வெட்டும் கடைக்கே போய்விட்டாள். அண்ணையும் நானும் பின்னால் ஓடினோம். அங்கே அண்ணைக்கு ஒரு யோசனை பிறந்தது.

“குதிரையிலை சந்தியோகுமையோரை ஏத்துவம். குதிரையிலை வாற புனிதர்தானே, ஒருத்தரும் வாய் திறக்கேலாது.”

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. கல்வெட்டுகிற நோர்வேஜியர் பென்சிலால் குதிரைமேல் ஓர் ஆளைக் கீறினார். மரியரஞ்சனி மேசையிலிருந்த அழிறப்பரை எடுத்து அந்த ஆளைத் தேய்த்து அழித்தாள். தாள் கசங்கிப் போனது. அழுதுகொண்டுதான் சொன்னாள்:

“அவர் ஏறுறதுக்கு எண்டோ குதிரை கேட்டனான்? அண்ணை, அந்தக் குதிரைதான் அவர். உயிரோடை இருக்கேக்கை என்ரை மனிசன்ரை முதுகிலை ஒருத்தனும் ஏறேல்லை. செத்தாப்பிறகு ஒரு புனிதரும் ஏறத் தேவையில்லை.”