உசனார் குத்தாத குத்துச்சண்டை

ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்கு ஓடிய பஸ்ஸில் உசனார் கண்டக்டர். ஆள் நல்ல உயரம், பஸ்ஸின் கூரையோ தாழ்வு. அதனால் குனிவது, நெளிவது, பிரேக் போட்டால் இடுப்பை வளைத்துச் சமாளிப்பது எல்லாம் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

சமாதானப் பேச்சு நடந்த வருசம் மட்டக்களப்பில் குத்துச்சண்டைப் போட்டி வைத்தார்கள். ஊர்க் கழகத்தைப் பழக்கிய பக்கீர் மாஸ்டருக்குப் பெரிய எடையில் ஆளில்லை. ஒருநாள் பஸ்ஸில் யாரோ தோளில் வைத்திருந்த மண்வெட்டி சட்டென்று திரும்பியது. உசனார் பேச்சை நிறுத்தாமலே தலையைச் சரித்துத் தப்பினார். அதே பஸ்ஸில் வந்த மாஸ்டர் அங்கேயே ஆளைப் பிடித்துவிட்டார்.

முதல் நாள், “கையைத் தூக்குங்க” என்றார் மாஸ்டர். உசனார் இரண்டு கையையும் நேரே வானத்துக்குத் தூக்கினார்.

“இதென்ன சோதனைச் சாவடியா? முகத்துக்கு முன்னால தூக்குங்க! குத்துறதைப் பிறகு பார்ப்பம். முதல்ல குத்து வாங்காம இருக்கப் படிங்க. தலையில ஒண்டு நல்லாப் பட்டா, பிறகு உங்கட கைக்கு ஒண்டும் விளங்காது.”

நாடியை நெஞ்சோடு ஒட்டுவது, வருகிற கையைத் தட்டிவிடுவது, அரை அடி பின்வாங்குவது, ஒன்றும் சரிவராவிட்டால் எதிராளியைக் கட்டிப்பிடிப்பது என்று ஒரு கிழமை படித்தார். வீட்டில் மனைவி றம்லாவுக்குத்தான் கஷ்டம்.

“சோத்துக் கோப்பையை நீட்டினா ஏன் தலையைச் சரிக்கிறீங்க?”

அடுத்த கிழமை குத்தப் பழக்குவதாக இருந்தது. ஹர்த்தால் வந்தது. அது முடிய மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட அன்றைக்குப் போட்டி.

“மாஸ்டர், நான் எப்பிடிக் குத்துற?”

“இண்டைக்கு அவரைக் குத்த விடுங்க. பார்த்துப் படிக்கலாம்.”

எதிராளி வவுணதீவு வயல்காரர் நல்லரத்தினம். நெல்மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற ஆள். முதல் சுற்றில் அவருடைய ஒரு குத்து உசனாரின் நெற்றியில் உரசியது. அதற்குப் பிறகு அவர் எங்கே குத்தினாலும் அங்கே உசனார் இல்லை. காற்றுத்தான் வந்தது. இரண்டாம் சுற்றில் நல்லரத்தினத்துக்கு நாக்குத் தள்ளியது.

“ஒரு இடத்தில நில்லுங்க மச்சான்!”

உசனார் அவரைக் கட்டிப்பிடித்தார். “களைச்சுப் போனீங்களா?”

“ஓம்.”

நடுவர் வந்து பிரித்தார்.

மூன்றாம் சுற்றின் கடைசியில் நல்லரத்தினம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி வலக்கையை வீசினார். உசனார் குனிந்தார். நல்லரத்தினம் பம்பரமாகச் சுழன்றார். தோள்மூட்டு களுக்கென்றது. மணியும் அடித்தது.

நெற்றியில் உரசியதற்குப் புள்ளி இருந்தது. உசனார் ஒன்றுமே குத்தவில்லை. ஆகவே நல்லரத்தினம்தான் வென்றவர் என்று அறிவித்து, நடுவர் அவருடைய வலக்கையை உயரத் தூக்கினார். அவர் போட்ட கூச்சலை வெற்றி முழக்கம் என்று நினைத்துச் சனம் விசிலடித்தது.

தோற்ற உசனார் மேலில் ஒரு கீறல் இல்லாமல், வென்றவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

“ஆர் அடிச்சது?” என்று கேட்டார் நர்ஸ்.

“ஒருத்தரும் அடிக்கல்ல.”

“அப்ப என்ன நடந்த?”

“நான் வெண்டுட்டன்” என்று முனகினார் நல்லரத்தினம்.

அவருடைய வயல் வட்டையில் நெல் முற்றிக் கிடந்தது. மனம் பொறுக்காமல் உசனார் லீவு போட்டு வெட்டப் போனார். ஒரு வரம்பு தாண்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. நல்லரத்தினத்தின் மனைவி அன்னப்பூரணி அருவாளைப் பறித்தாள்.

“நீங்க வெட்டினது காணும், விடுங்க அண்ணன். இவருக்குச் சோத்தைத் தீத்திவிடுங்க, நான் வெட்டுறன்.”

வேப்பமர நிழலில் கட்டுப்போட்ட கையோடு நல்லரத்தினம் வாயைத் திறந்தார். உசனார் சோற்றை உருட்டி ஊட்டினார்.

“மீன்தலை எங்க மச்சான்?”

உசனார் மென்றுகொண்டிருந்தார். வாய் நிறைய இருந்தது.