அப்பா படித்துச் சொன்ன கடிதம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் யாருக்குத் தந்தி வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். அப்பா பராசரன், ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். அவர் படித்துச் சொன்னால் அதுதான் தந்தி. மறுபேச்சு கிடையாது.

என் அம்மா வேதவதிக்கு இங்கிலீஷ் தெரியாது. 1938 பங்குனியில் ஒரு நாள், குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒன்று கையில் தட்டியது. வலியே இல்லை. வலிக்காததை யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு வந்திருந்த நர்ஸ் லூர்துராணியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் மறுநாளே அம்மாவைத் திருச்சியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதி, "வீட்டுக்காரர்ட்ட குடுத்துடுங்க" என்று நர்ஸை விட்டுச் சொல்ல வைத்தாள்.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"பழைய பால் கட்டிண்டிருக்காம். மல்லிப்பூ வெச்சுக் கட்டினா கரைஞ்சுடும்னு எழுதியிருக்கா."

என் தம்பி பால்குடி மறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பால் வற்ற மல்லிகை வைத்துக் கட்டுவது எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அம்மாவுக்கோ ஒரே பெருமை. "வெள்ளைக்காரியே ஒத்துண்டுட்டா பாருங்கோ!" என்று வீடு வீடாகச் சொன்னாள்.

அதுவரை ஒரு முழம் பூ வாங்கி வந்தறியாத அப்பா, தினம் சாயங்காலம் வாழையிலையில் மல்லிகை வாங்கி வந்தார். அம்மா முகம் சிவந்துபோவாள். நாற்பது வயதில் அவளுக்கு அப்படி ஒரு வெட்கம். நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அது முடிந்த நாலாம் நாள் அப்பாவே, "திருச்சிக்குப் போய் ஒரு தரம் காட்டிட்டு வந்துடலாம்" என்றார். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த லூர்துராணி, அம்மாவைப் பார்த்ததும் சத்தம் போட்டாள். "ஒரு வாரத்துல வந்து அறுத்துக்கணும்னு எழுதிக் குடுத்தோமே! அஞ்சு மாசமா எங்கம்மா போயிட்டீங்க?"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சம்பந்தி காதுல விழுந்தா கல்யாணம் நின்னுடும். பொண்ணுக்கும் இந்த வியாதி வரும்பான்னு பயந்துட்டேன்."

"என்னைக் கேட்டிருந்தா, கல்யாணம் ஆகட்டும்னு நானே சொல்லியிருப்பேனே," என்றாள் அம்மா. "அந்தப் பூவை எனக்காக வாங்கிண்டு வரேள்னு நெனச்சேனே!"

அறுத்துப் பார்த்தார்கள். கை மீறிப் போயிருந்தது. அடுத்த பங்குனியில் அம்மா போய்விட்டாள்.

சுமங்கலியாகப் போனவளுக்குப் பூ வைக்க வேண்டுமே. அப்பா ஒரு பந்து மல்லிகையோடு வந்து நின்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. என் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

அந்தப் பூவை நான் வாங்கவில்லை. தம்பியை அனுப்பிக் கனகாம்பரம் வாங்கி வரச் சொல்லி, அம்மா தலையில் நானே வைத்தேன்.